பழைய ரிஜிஸ்டர்களை எடைக்குப் போடுமுன்...



நம் மோட்டார் ரூமை ஒட்டி, படிக்கட்டுக்கு அடியில் ஒரு சின்ன அறை இருப்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. உடைந்த நாற்காலி, கொலு மேடைப் பலகை, காலி பெயின்ட் டப்பா, இவற்றுக்குப் பின்னால் நம் சங்கத்தின் பழைய ரிஜிஸ்டர்கள் கட்டுக்கட்டாக இருக்கின்றன. அந்த அறையைக் காலி செய்து எலெக்ட்ரிக் வண்டி சார்ஜ் போடும் இடமாக மாற்றலாம் என்று போன மாதம் கமிட்டியில் பேச்சு வந்தது. நல்ல யோசனைதான். செயலாளர் என்னைக் கூப்பிட்டு, "சார், நீங்க பேங்க்ல இருந்தவர். இதுல எதை வெச்சுக்கணும், எதைப் பேப்பர்காரருக்குப் போடலாம்னு ஒரு தடவை பார்த்துச் சொல்லிடுங்களேன்" என்றார்.

இரண்டு நாள் வேலை என்று நினைத்து உள்ளே போனேன். மூன்று வாரம் ஆயிற்று. அங்கே கண்டதையும், அதையொட்டி எனக்குத் தெரிந்த கொஞ்சம் சரித்திரத்தையும் உங்களிடம் சொல்லிவிட்டு, கடைசியில் ஒரு உதவியும் கேட்கப் போகிறேன்.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நாம் எல்லோரும் 'பெரியவர்' என்று கூப்பிட்ட நம் பழைய வாட்ச்மேன் 2024 ஜனவரியில் கண் சரியில்லாமல் வேலையை விட்டு நின்றார். அவர் வேலை பார்த்த ஒவ்வொரு ஆண்டுக்கும் 5,000 ரூபாய் வீதம் கொடுப்பது என்று பொதுக்குழுவில் தீர்மானம் போட்டோம். அவர் 2005 தைப் பொங்கல் சமயத்தில் சேர்ந்ததாகச் சொல்கிறார். அப்படியானால் 19 ஆண்டு, 95,000 ரூபாய். ஆனால் நம்மிடம் உள்ள வருகைப் பதிவேடு 2012-ல்தான் தொடங்குகிறது. அந்தக் கணக்குப்படி 12 ஆண்டு, 60,000 ரூபாய். பொருளாளர், "ஆதாரம் இல்லாமல் எழுதினால் ஆடிட்டர் கேட்பார்" என்கிறார். அவர் சொல்வதிலும் தப்பில்லை. நான் இங்கே குடிவந்ததே 2008-ல். அதற்கு முன் நடந்ததற்கு நான் எப்படிச் சாட்சி சொல்ல முடியும்?

2005 முதல் 2011 வரையிலான ரிஜிஸ்டர்கள் எங்கே போயின என்று தேடினேன். பதில் ஒரு வவுச்சரில் இருந்தது. 2012 ஏப்ரல். 'பழைய பேப்பர் விற்ற வகையில் வரவு, 46 கிலோ, கிலோ 9 ரூபாய் வீதம், ரூ. 414.' கீழே அன்றைய பொருளாளரின் கையெழுத்து. அந்தக் கையெழுத்து என்னுடையது.

ஆமாம், அந்த ஆண்டு நான்தான் பொருளாளர். இடம் அடைக்கிறது என்று நானே கட்டி நானே நிறுத்துப் போட்டேன். வங்கியில் முப்பது வருஷத்துக்கு மேல் லெட்ஜரோடு குடித்தனம் நடத்தியவன் செய்த காரியம் இது. 414 ரூபாய் வரவை ஒழுங்காக எழுதிய கை, அதற்காக எதைக் கொடுத்தோம் என்று ஒரு வரி எழுதவில்லை. அந்த 414 ரூபாய்க்குப் பெரியவரின் ஏழு ஆண்டும் சேர்ந்து போய்விட்டது.

கணக்குக் காட்டாதவர் கமிட்டிக்கு வரக்கூடாது

இனி கொஞ்சம் சரித்திரம். காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூருக்கு நீங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை காரில் போய்விட்டு மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். அங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு இருக்கின்றன. ஒன்று 919, மற்றொன்று 921. ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு, அதாவது கமிட்டிகளுக்கு, ஆள் தேர்ந்தெடுக்கும் விதிகள் அதில் உள்ளன. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்ன குடவோலை முறை பாடப்புத்தகத்தில் நாம் எல்லோரும் படித்ததுதான். வயது 35-க்கு மேல், 70-க்குள் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும்.

என்னைக் கவர்ந்தது வேறொரு விதி. ஏதாவது ஒரு வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவரின் பெயரைக் குடவோலையில் எழுதக்கூடாது. அவர் மட்டுமில்லை, அவருடைய நெருங்கிய உறவினர் பெயரையும் எழுதக்கூடாது. 1,100 ஆண்டுக்கு முன்னால் ஒரு ஊர் அசோசியேஷன் இவ்வளவு கண்டிப்பாக இருந்திருக்கிறது! அதை ஓலையில் மட்டும் எழுதியிருந்தால் நமக்குத் தெரிந்திருக்காது. கல்லில் வெட்டியதால் தெரிகிறது. எந்தப் பொருளில் எழுதுகிறோம் என்பதும் முக்கியம் என்று இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

வியாபாரி எழுதிய நாட்குறிப்பு

அடுத்து புதுச்சேரி. ஆனந்தரங்கப் பிள்ளை 1709-ல் பிறந்தவர். வியாபாரி. பிரெஞ்சு கவர்னர் டூப்ளேயிடம் துபாஷியாக இருந்தவர். 1736 முதல் 1761-ல் தாம் இறக்கும் வரை, ஏறக்குறைய 25 ஆண்டு, தமிழில் நாட்குறிப்பு எழுதினார். எந்தக் கப்பல் எப்போது வந்தது, எத்தனை பீரங்கி போட்டார்கள், கவர்னர் யாரிடம் என்ன பேசினார், சரக்கு என்ன விலை போயிற்று என்று வியாபாரி கண்ணோடு எழுதியிருக்கிறார். அவர் தமக்காக எழுதிக்கொண்டார். அவர் மறைந்து 85 ஆண்டு கழித்து, 1846-ல், காலுவா மோம்ப்ரோன் என்ற பிரெஞ்சுக்காரர் கண்ணில் அது பட்டது. பிறகு 1904 முதல் 1928 வரை சென்னை அரசாங்கமே அதை ஆங்கிலத்தில் 12 தொகுதிகளாக வெளியிட்டது. இன்று பதினெட்டாம் நூற்றாண்டுத் தென்னிந்திய வரலாற்றை எழுதுகிறவர்கள் அவரைத் தாண்டிப் போக முடியாது.

ஒரு காரணத்துக்காக எழுதி வைப்பது, வேறொருவருக்கு வேறொரு காரணத்துக்காக உதவுகிறது. எழுதும்போது அது யாருக்கு என்று நமக்குத் தெரிவதில்லை.

மழைக்கும் பேரேடு உண்டு

நம் ஊர் நுங்கம்பாக்கத்தில் 1792-ல் கிழக்கிந்தியக் கம்பெனி ஒரு வானாய்வுக்கூடம் கட்டியது. சென்னையின் மழை அளவு 1813 முதல் பதிவில் இருக்கிறது. இன்றைக்கும் வானிலை நிலையத்தில் தினம் காலை எட்டரை மணிக்கு மழைமானியைப் பார்த்து எழுதுகிறார்கள். அதிலே மழை பெய்யாத நாளும் ஒரு பதிவுதான்.

2015 வெள்ளத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நம் கீழ்த்தளத்தில் பைக் எல்லாம் மூழ்கி நின்றன. "வரலாறு காணாத மழை" என்றுதான் எல்லோரும் சொன்னோம். அந்த நவம்பரில் நுங்கம்பாக்கத்தில் பெய்தது 1,049 மில்லிமீட்டர். ஆனால் 1918 நவம்பரில் 1,088 மில்லிமீட்டர் பெய்திருக்கிறது. அதாவது நவம்பர் மாதக் கணக்கை மட்டும் பார்த்தால் வரலாறு இதைவிடப் பெரியதைக் கண்டிருக்கிறது. அப்போது ஏரியும் கால்வாயும் எப்படி இருந்தன, இப்போது எப்படி இருக்கின்றன என்ற கேள்விக்கு அந்த ஒரு எண் நம்மை இழுத்துக்கொண்டு போகிறது. பழைய பேரேடு இல்லாவிட்டால் பழியை மழை மேல் போட்டுவிட்டுச் சும்மா இருந்திருப்போம்.

பாட்டு முடிந்ததும் பெயரைச் சொன்னவர்

'ரெக்கார்டு' என்றால் எங்கள் தலைமுறைக்கு முதலில் ஞாபகம் வருவது இசைத்தட்டு. 1902-ல் கிராமபோன் கம்பெனிக்காக ஃபிரெட் கைஸ்பர்க் என்பவர் கல்கத்தாவுக்கு வந்து, ஓட்டல் அறையில் கருவிகளை வைத்துப் பாடகர்களைப் பதிவு செய்தார். கௌஹர் ஜான் அப்போது பாடினார். ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் சொச்சம்தான் இடம். மணிக்கணக்காக விரித்துப் பாடுகிற ராகத்தை அதற்குள் அடக்கிப் பாடி, முடிந்ததும் "மை நேம் இஸ் கௌஹர் ஜான்" என்று ஆங்கிலத்தில் உரக்கச் சொன்னார். தட்டு அச்சாவது ஜெர்மனியில், ஹானோவரில். அங்கே இருக்கிற தொழிலாளிக்கு இந்தப் பாஷை தெரியாது. யார் பாடியது என்று தெரிந்தால்தானே சரியான லேபிள் ஒட்டுவார்? அதற்காகச் சொன்னது. 1908-ல் கல்கத்தாவிலேயே தொழிற்சாலை வந்தது.

அந்தக் காலத்துத் தட்டு அரக்கில் செய்தது. கை தவறினால் சுக்குநூறு. வினைலில் செய்த நீண்ட நேரத் தட்டு 1948-ல் அமெரிக்காவில் வெளிவந்து, பிறகு இங்கேயும் வந்தது. 1985-ல் எரிந்துபோனதே மூர் மார்க்கெட், அங்கே வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு அரக்குத் தட்டு வாங்கினேன். லேபிள் பாதி கிழிந்திருந்தது. கடைக்காரர், "தம்பி, பேரைப் பார்க்காதே, நடுவுலே அழுத்தியிருக்கிற நம்பரைப் பாரு" என்றார். ஒவ்வொரு தட்டிலும் லேபிளை ஒட்டினாற்போல் ஒரு எண் இருக்கும். தட்டு சேகரிக்கிறவர்கள் அந்த எண்ணைக் கம்பெனி கேட்லாக்கோடு ஒத்துப் பார்த்துத்தான் யார் பாடியது, எப்போது பாடியது என்று கண்டுபிடிக்கிறார்கள். எங்கள் வங்கியில் வவுச்சர் எண்ணை வைத்து டே புக்கைப் பிடிக்கிற அதே வேலைதான். தட்டும் இருக்க வேண்டும், கேட்லாக்கும் இருக்க வேண்டும். ஒன்று போனால் மற்றது ஊமை.

பொய்ப் பதிவு செய்த சேதம்

பறவை பார்ப்பவர்களும் 'ரெக்கார்டு' என்ற சொல்லைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஒரு பறவையை எந்த இடத்தில், எந்தத் தேதியில், யார் பார்த்தார் என்ற குறிப்புக்குப் பெயர் அது.

இதிலே எழுத்தின் பலம் தெரிய வேண்டுமானால் வேடந்தாங்கலைச் சொல்ல வேண்டும். ஏரியில் தங்கும் பறவைகளை யாரும் சுடக்கூடாது என்று ஊர்க்காரர்கள் 1798-ல் செங்கல்பட்டுக் கலெக்டர் லயனல் பிளேஸிடம் எழுத்தில் கவுல் வாங்கினார்கள். 1858-ல் அதைப் புதுப்பித்துக்கொண்டார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரியும். வாய் வார்த்தையோடு விட்டிருந்தால் அடுத்த துரை வந்து துப்பாக்கியை எடுத்திருப்பான்.

பொய் எழுத்தின் கேட்டுக்கு ஒரு ஆந்தைக் கதை உண்டு. மத்திய இந்தியக் காடுகளில் 'ஃபாரஸ்ட் அவ்லெட்' என்ற சிறு ஆந்தை உண்டு. 1873-ல் விஞ்ஞானிகள் அதற்குப் பெயர் வைத்தார்கள். 1884-க்குப் பிறகு அது கண்ணில் படவில்லை. ஒரே ஒரு பதிவு மட்டும், 1914-ல் குஜராத்தில் பிடித்ததாக, ரிச்சர்ட் மைனர்ட்ஸ்ஹாகன் என்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரியின் பெயரில் இருந்தது. ஆந்தையைத் தேடினவர்களை அந்தப் பதிவு தவறான இடத்துக்குத் திருப்பிவிட்டது.

பிற்பாடு பமீலா ராஸ்முசென் என்ற அமெரிக்கப் பறவையியல் அறிஞர் அந்தப் பாடம் செய்த பறவையைக் கையில் எடுத்து, அடைத்த பஞ்சு வரை ஆராய்ந்தார். அது 1880-களில் வேறொருவர் பிடித்தது. மியூசியத்திலிருந்து திருடி, பிரித்து மறுபடி அடைத்து, புதுச் சீட்டு எழுதிக் கட்டியிருந்தார்கள். அந்தப் பொய்ப் பதிவை அடித்துவிட்டு, உண்மையான பழைய சீட்டுகளில் இருந்த இடங்களுக்கே ராஸ்முசென் இரண்டு நண்பர்களோடு தேடிப் போனார். 1997 நவம்பரில், மகாராஷ்டிராவில் ஷஹாதா பக்கம், மரக்கிளையில் ஆந்தை உட்கார்ந்திருந்தது. 113 ஆண்டு கழித்து!

வங்கியில் எனக்கு முதல் நாள் சொல்லிக் கொடுத்த பாடம் இது: தப்பாக எழுதிவிட்டால் அழிக்காதே, மேலே எழுதாதே. ஒரு கோடு போட்டு அடி, பக்கத்தில் சரியானதை எழுது, இனிஷியல் போடு. தப்பு நடந்தது என்பதும் பதிவில் இருக்க வேண்டும். பதிவு இல்லாத இடத்தில் நாம் தேடவாவது செய்வோம். பொய்ப் பதிவு இருந்தால் தேடுவதையே நிறுத்திவிடுவோம். அதனால்தான் பெரியவர் விஷயத்தில், "சும்மா 2005-னு எழுதிடுங்க சார், யார் கேக்கப் போறா?" என்று சிலர் நல்ல மனதோடு சொன்னபோதும் நான் ஒப்புக்கொள்ளவில்லை.

டீச்சரின் நோட்டுப் புத்தகம்

2005 முதல் இங்கேயே இருக்கும் பழைய குடும்பங்கள் இப்போது நாலே நாலுதான். அதில் ஒருவர் பி பிளாக் மூன்றாம் மாடி டீச்சர். அவரிடம் போய், "பெரியவர் முதலிலிருந்தே இருந்தாரா டீச்சர்?" என்று கேட்டேன். "இருந்தாருன்னுதான் தோணுது. ஆனா தோணுறது வேற, எழுதினது வேற. இருங்க" என்று உள்ளே போய்ப் பழைய நோட்டுகளை எடுத்து வந்தார். பால்கனியிலிருந்தும் தோட்டத்திலும் பார்த்த பறவைகளை அவர் இருபது வருஷமாக எழுதி வருகிறார் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். தேதி, நேரம், பறவை, எண்ணிக்கை, இடம், கண்டவர் என்று கோடு போட்டுக் கட்டம் கட்டியிருக்கிறார்.

2006 அக்டோபர் 17, காலை 6.40. ஆறுமணிக் குருவி, 1. மோட்டார் ரூம் சுவர் ஓரம். கண்ணாடியில் மோதியிருக்கலாம். துண்டில் சுற்றி எடுத்து வந்தார். இருபது நிமிடத்தில் பறந்தது. 'கண்டவர்' என்ற கட்டத்தில் பெரியவரின் முழுப் பெயர்.

ஆறுமணிக் குருவி வடக்கேயிருந்து குளிர்காலத்துக்குத் தெற்கே வரும் பறவை. அக்டோபர் வாக்கில் சென்னைத் தோட்டங்களில் களைத்துப்போய் இறங்கும். காலையும் மாலையும் ஆறு மணி வாக்கில் கூப்பிடும், அதனால் அந்தப் பெயர். "வெறுமனே வாட்ச்மேன்னு எழுதாம பேரை எழுதியிருக்கீங்களே டீச்சர்" என்றேன். "பார்த்தது அவருதானே சார். யார் பார்த்தாங்களோ அவங்க பேருலதான் எழுதணும்" என்றார்.

2008, 2009, 2011 நோட்டுகளிலும் அவர் பெயர் வருகிறது. ஆக, 2006-ஐயும் சேர்த்து நாலு ஆண்டுக்குக் கையில் எழுத்து கிடைத்துவிட்டது. டீச்சர் அனுமதியோடு நகல் எடுத்துக் கமிட்டியிடம் கொடுத்திருக்கிறேன். பெரியவரிடம் போனில் சொன்னேன். "அந்தக் குருவியா சார்? அது நெஞ்சு படபடன்னு அடிச்சுது" என்றார். பணத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

உங்களிடம் கேட்பது

இன்னும் 2005, 2007, 2010 ஆகிய மூன்று ஆண்டுகள் பாக்கி. வரும் பொதுக்குழுவுக்கு முன் உங்கள் வீட்டுப் பரணையும் பீரோவையும் ஒரு முறை பாருங்கள். கிரகப்பிரவேசப் போட்டோவில் கேட்டருகே அவர் நிற்கலாம். கூரியர் வாங்கிக் கையெழுத்துப் போட்ட சீட்டு இருக்கலாம். பழைய சங்கச் சுற்றறிக்கையில் பெயர் இருக்கலாம். வீட்டை விற்றுப் போனவர்கள், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள், இவர்களிடமும் கேளுங்கள். தேதி தெரியும்படியான எதுவும் உதவும்.

ஒருவேளை எதுவும் கிடைக்காவிட்டால், கிடைத்த ஆண்டுகளுக்கு நடுவில் விட்டுப்போன ஆண்டுகளையும் அவர் இங்கேதான் இருந்தார் என்று ஏற்றுக்கொள்ளும்படி பொதுக்குழுவில் நானே முன்மொழிவேன். அதையும் மறைக்காமல், 'ஆவணம் சங்கத்தால் விற்கப்பட்டதால்' என்று காரணம் எழுதித்தான் தீர்மானம் போட வேண்டும். மொத்த வித்தியாசமும் 35,000 ரூபாய். 64 ஃபிளாட்டுக்குப் பிரித்தால் வீட்டுக்கு 547 ரூபாய் ஆகும்.

அடுத்து அந்த அறை. காலி செய்யலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் அதற்கு முன் நான்கு காரியம் செய்வோம். ஒன்று, இருக்கிற ரிஜிஸ்டர்களுக்கெல்லாம் ஒரு பட்டியல் தயார் செய்துவிட்டேன், மொத்தம் 83. அதைப் பார்த்து, எது எத்தனை ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்று பொதுக்குழு முடிவு செய்யட்டும். இரண்டு, ஆள் சம்பந்தப்பட்டது, போர்வெல் சம்பந்தப்பட்டது, கட்டட வரைபடம், இவற்றை எந்தக் காலத்திலும் எடைக்குப் போடுவதில்லை என்று எழுதி வைப்போம். மூன்று, ஸ்கேன் செய்து ஒரு பிரதி கம்ப்யூட்டரிலும், அச்சில் ஒன்று செயலாளர் பீரோவிலும் இருக்கட்டும். இப்போது நாம் எல்லாவற்றையும் வாட்ஸ்அப் குரூப்பில் போடுகிறோம். போனை மாற்றினால் போன வருஷத்துச் செய்தி எங்கே என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? நான்கு, இனி யாராவது பழைய பேப்பர் விற்றால், எத்தனை கிலோ என்பதோடு என்னென்ன விற்றோம் என்பதையும் வவுச்சரில் எழுத வேண்டும். இந்த நான்காவது விதி என்னை நினைத்துப் போட்டது.

சார்ஜ் போடும் இடத்துக்கான வேலை தொடங்குமுன், சனிக்கிழமை மாலை ஐந்து முதல் ஏழு வரை அந்த அறையில் இருப்பேன். கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு வாருங்கள். வாங்கிக்கொண்டதற்கு ரசீது தருவேன்.